பூங்கா அமைப்பது செடி நடும் வேலைதானா?

அறிவியல் படித்து என்ன வேலைக்குப் போகலாம் என்று கேட்டால், மாணவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் நான்குதான்: மருத்துவர், பொறியாளர், மருந்தாளர், கணினி வல்லுநர். நான் ஆசிரியராக இருக்கும் இத்தனை ஆண்டுகளில் ஒரு மாணவர்கூட “லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்ட் ஆக வேண்டும்” என்று சொல்லிக் கேட்டதில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், “செடி நடுகிற வேலைதானே?” என்று கேட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கேள்விக்கு இந்த வாரம் பதில் சொல்ல விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இயற்பியல், வேதியியல், உயிரியல், புவியியல் என்று தனித்தனிப் புத்தகங்களில் படிப்பவை அனைத்தும் ஒரே மேசையில் வந்து சேரும் வேலைகளில் இதுவும் ஒன்று. மழை அதிகமாகவும் நிலம் குறைவாகவும் உள்ள சிங்கப்பூரில் அது மிக முக்கியமான வேலையும்கூட. ஆனால் நம் வீடுகளில் அதற்கு உரிய மதிப்பு இல்லை. அந்த எண்ணம் மாற வேண்டும்.

பெயரிலேயே ஒரு சிக்கல்

‘லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்சர்’ என்பதைத் தமிழில் நிலத்தோற்றக் கட்டடக்கலை என்கிறோம். சிலர் நிலவனப்பு என்றும் எழுதுகிறார்கள். வனப்பு என்றால் அழகு. அந்தச் சொல்லைக் கேட்டதும், கட்டி முடித்த கட்டடத்தின் முன்னால் நாலு பூந்தொட்டிகளை வைத்து அழகுபடுத்துவதுதான் இந்த வேலை என்று தோன்றிவிடுகிறது.

உண்மையில் இந்தத் துறையினர் கட்டடங்களுக்கு வெளியே உள்ள இடம் முழுவதையும் வடிவமைக்கிறார்கள். மழைநீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும், மண் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த மரத்தின் வேர் எவ்வளவு தூரம் பரவும், முதியவர் ஒருவர் சக்கர நாற்காலியில் சரிவைக் கடக்க முடியுமா, மதிய வெயிலில் பேருந்து நிறுத்தம்வரை நிழல் இருக்குமா என்பவையெல்லாம் அவர்களுடைய கேள்விகள். அழகும் அதில் உண்டு. ஆனால் மற்றவை சரியாக இல்லையென்றால் அழகு ஓராண்டுகூடத் தாங்காது.

ஒரு கால்வாய் ஆறான கதை

உங்களில் பலர் பார்த்திருக்கக்கூடிய ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். அது பீஷான் - அங் மோ கியோ பூங்கா. அதன் நடுவே ஓடுவது காலாங் ஆறு. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடி, காலாங் படுகையைச் சேர்கிறது. இன்று அந்தப் படுகை மரீனா நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி. அதாவது, பூங்காவில் உங்கள் காலடியில் ஓடும் நீர், பிறகு உங்கள் வீட்டுக் குழாய்க்கு வரக்கூடிய நீர்.

2009ஆம் ஆண்டுவரை அங்கே ஆறு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடாக ஒரு கான்கிரீட் கால்வாய் இருந்தது. ஒரு பக்கம் பூங்கா, மறுபக்கம் குடியிருப்பு, நடுவே வேலி. கால்வாய் பழசாகிவிட்டதால் அதைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. 1988இல் திறக்கப்பட்ட பூங்காவுக்கும் மராமத்து தேவைப்பட்டது. கால்வாய்க்குப் பொறுப்பு பொதுப் பயனீட்டுக் கழகம். பூங்காவுக்குப் பொறுப்பு தேசியப் பூங்காக் கழகம். இரண்டும் தனித்தனியே தத்தம் வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் சேர்ந்து செயல்பட முடிவு செய்தன. நீர்நிலைகளைத் துடிப்பும் அழகும் தூய்மையும் உள்ளவையாக மாற்ற 2006இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் இந்தப் பணி நடந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்பர்ட் டிரைசைட்டிலின் நிலத்தோற்ற வடிவமைப்பு நிறுவனமும் நீரியல் பொறியாளர்களும் அதில் இணைந்தார்கள்.

2012இல் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டபோது கால்வாய் இல்லை. வளைந்து நெளிந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஓடும் ஆறு இருந்தது. வேலியும் இல்லை. உடைத்த கால்வாயின் கான்கிரீட்டைக் குப்பைக்கு அனுப்பாமல், அதை அடுக்கியே ஒரு சிறு குன்றை அமைத்தார்கள். அதே ஆண்டில் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த நிலத்தோற்றத் திட்டம் என்ற விருது இதற்குக் கிடைத்தது. விருதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அந்த வடிவமைப்புக்குப் பின்னால் உள்ள அறிவியல்.

அகலமானால் வேகம் குறையும்

குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் வேகமாகப் பீய்ச்சும். விரலை எடுத்தால் மெதுவாக வரும். ஒரு நொடியில் பாயும் நீரின் அளவு என்பது குறுக்குவெட்டுப் பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் எண். பரப்பை நான்கு மடங்காக்கினால் அதே அளவு நீர் நான்கில் ஒரு பங்கு வேகத்தில் போகும். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். எனவே வேகம் பாதியானால், ஒவ்வொரு கிலோகிராம் நீரும் சுமக்கும் இயக்க ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறையும். கரையை அரிக்கும் வலுவும் வெகுவாகக் குறைந்துவிடும்.

பழைய கால்வாயின் அகலம் ஏறத்தாழ 17 முதல் 24 மீட்டர். இப்போது கனமழையின்போது ஆறு ஏறத்தாழ 100 மீட்டர் அகலம்வரை விரிய இடம் இருக்கிறது. மழையில்லாத நாளில் நீங்கள் பட்டம் விடும் புல்வெளி, பெருமழையில் ஆற்றின் பகுதியாக மாறும். மழை நின்றதும் நீர் வடிந்து மறுபடியும் புல்வெளியாகும். இப்படி ஒரே நிலத்துக்கு இரண்டு வேலை கொடுத்ததால், நீரைக் கொண்டுசெல்லும் திறன் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியது.

கான்கிரீட்டை எடுத்துவிட்டால் கரையை எது பிடித்து வைக்கும்? இதற்கு உயிரியல் பதில் சொல்கிறது. வேர்கள் மண்ணைப் பின்னிப் பிடித்துக்கொள்ளும். உயிருள்ள கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கரையில் பதிப்பது, கற்களுக்கிடையே தண்டுகளைச் செருகுவது, மண்ணைத் துணி போன்ற விரிப்பில் சுற்றி அடுக்கி அதில் செடிகளை வளர்ப்பது என்று பல முறைகள் உள்ளன. ஐரோப்பாவில் பழக்கமான முறைகள்தான். ஆனால் அங்கே பயன்படும் செடிகள் வேறு, நம் மண்ணும் மழையும் வேறு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் வெப்பமண்டலத்தில் அவை தாங்குமா?

குழு என்ன செய்தது தெரியுமா? பூங்காவிலேயே ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுள்ள ஒரு வடிகாலைச் சோதனைக்கூடமாக மாற்றியது. அதில் பத்து முறைகளைப் பலவகைச் செடிகளோடு ஏறத்தாழ ஓராண்டு சோதித்துப் பார்த்தது. அவற்றில் ஏழு முறைகளே ஆற்றுக்குத் தேர்வாயின. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைக்கச் சொல்லி நான் மாணவர்களை வற்புறுத்தும்போது, “இது தேர்வுக்கு மட்டும்தானே” என்ற முகபாவத்தைப் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் காட்ட விரும்பும் சோதனை இதுதான். அதன் முடிவை நம்பி ஓர் ஆற்றையே திருப்பினார்கள்.

வேதியியலும் அங்கே இருக்கிறது. பூங்காவின் ஒரு பகுதியில் சரளைக்கற்களில் வளரும் நீர்த்தாவரங்கள் படிப்படியாக அமைக்கப்பட்டிருக்கின்றன. குளத்து நீர் அவற்றின் வழியே மெதுவாகக் கசிகிறது. வேர்களைச் சுற்றி வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. தாவரங்கள் அந்த நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்கின்றன. உங்கள் புத்தகத்தில் அம்புக்குறிகளாக இருக்கும் நைட்ரஜன் சுழற்சி அங்கே கண்ணெதிரே வேலை செய்கிறது.

தாவரமும் நீரும் திரும்பியபின் விலங்குகளும் திரும்பின. 2014இல் நீர்நாய்க் குடும்பம் ஒன்று இந்தப் பூங்காவில் குட்டிகளோடு வலம்வந்து பலரையும் கவர்ந்தது. யாரும் அவற்றைக் கொண்டுவந்து விடவில்லை. மீன் இருந்தது, ஒளிந்துகொள்ளக் கரை இருந்தது, வந்துவிட்டன.

ஐந்து பேர், ஐந்து பக்கம்: அது குழுவேலை இல்லை

இனி, உங்கள் பள்ளித் திட்டப்பணியை நினைத்துப் பாருங்கள். ஐந்து பேர் கொண்ட குழு. ஆளுக்கு நான்கு ‘ஸ்லைடு’ என்று பிரித்துக்கொள்வீர்கள். கடைசி நாள் இரவு ஒருவர் எல்லாவற்றையும் ஒட்டுவார். முதல் நான்கில் நீல எழுத்து, அடுத்த நான்கில் பச்சை எழுத்து. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திருக்கக்கூட மாட்டார்.

நிலத்தோற்றக் குழு அப்படி இயங்க முடியாது. அங்கே ஒருவருடைய முடிவு மற்ற எல்லாருடைய கணக்கையும் மாற்றும். கரையைக் கொஞ்சம் செங்குத்தாக்கினால் நிலம் மிச்சமாகும் என்பார் வடிவமைப்பாளர். செங்குத்தானால் மண் சரியும் என்பார் மண்ணியல் பொறியாளர். சரியாமல் இருக்க அடர்த்தியான புதர் வைக்கலாம் என்பார் தாவரவியலாளர். புதர் அடர்ந்தால் வெள்ள நீர் தடைபட்டு மட்டம் உயரும் என்பார் நீரியல் பொறியாளர். புதருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் இரவில் நடக்கப் பெண்கள் அஞ்சுவார்கள் என்று இன்னொருவர் நினைவூட்டுவார். மாதம் எத்தனை முறை வெட்ட வேண்டியிருக்கும், அதற்கு எவ்வளவு செலவு என்று கேட்பார் பராமரிப்புக்குப் பொறுப்பானவர்.

நம் ஊரில் இன்னொரு கேள்வியும் உண்டு: கொசு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். எனவே மழைநீரைத் தேக்கி வடிகட்டும் எந்தத் தோட்டமும் அதற்கு வெகு முன்பே வடிந்துவிட வேண்டும். மிக வேகமாக வடிந்தால் நீர் சுத்தமாகாது. மிக மெதுவாக வடிந்தால் டெங்கி. மண்ணில் எத்தனை பங்கு மணல் என்பதை இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று முடிவு செய்ய வேண்டும்.

இப்படிப்பட்ட குழுவில் தலைமை வகிப்பவருக்கு எல்லாத் துறையும் முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாத் துறையின் மொழியும் கொஞ்சம் புரிய வேண்டும். சக ஊழியர் ஏன் மறுக்கிறார் என்பதைக் கேட்கும் பொறுமையும் வேண்டும். இதைப் பள்ளியிலேயே பழகலாம் என்பது என் நம்பிக்கை. அடுத்த திட்டப்பணியில் பக்கங்களைப் பிரிக்காதீர்கள், கேள்விகளைப் பிரியுங்கள். ஒருவர் கண்டுபிடித்தது மற்றவர் முடிவை மாற்ற வேண்டும். மாற்றவில்லை என்றால் நீங்கள் ஐந்து தனி வேலைகளைச் செய்திருக்கிறீர்கள்.

கான்கிரீட் கால்வாய் மடத்தனமா?

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, அந்தக் காலத்துப் பொறியாளர்கள் இயற்கையை அழித்துவிட்டார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1978 டிசம்பரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை பெய்து சிங்கப்பூரில் உயிர்கள் பலியாயின. அப்படிப்பட்ட வெள்ளங்களைக் கண்ட தலைமுறைக்கு, நீரை எவ்வளவு விரைவாகக் கடலுக்கு அனுப்புவது என்பதே முதல் கேள்வி. நேரான, வழுவழுப்பான கால்வாய் அதற்குச் சரியான பதில். பல வீடுகளை அது காப்பாற்றியது.

காலப்போக்கில் கேள்வி மாறியது. 2008இல் மரீனா அணைக்கட்டு வந்தபின், தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை ஒரே நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. இப்போது நீரை விரட்டினால் மட்டும் போதாது. அதைச் சுத்தமாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். கேள்வி மாறும்போது பதிலும் மாறுவதில் வியப்பில்லை.

எல்லாக் கால்வாய்களையும் இப்படி ஆறாக மாற்றிவிட முடியுமா என்றால் முடியாது. பீஷானில் 62 ஹெக்டேர் பூங்கா பக்கத்திலேயே இருந்தது. இரு பக்கமும் அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் ஆறு விரிய நிலம் எங்கே? தவிர, வேலியை எடுத்ததால் புதிய ஆபத்தும் வந்தது. மழை தொடங்கினால் நீர்மட்டம் விரைவில் உயரும். அதனால்தான் அங்கே நீர்மட்ட உணர்கருவிகள், எச்சரிக்கை விளக்குகள், ஒலிபெருக்கி அறிவிப்புகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். நல்ல குழு தன் வடிவமைப்பு எங்கே தவறக்கூடும் என்பதையும் யோசித்து வைக்கும்.

மண்ணைத் தொடும் வேலை

இனி நான் சொல்லப்போவது உங்கள் பெற்றோருக்கும் சேர்த்து. தயவுசெய்து இந்தப் பகுதியை அவர்களிடம் காட்டுங்கள்.

நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள், அல்லது அவர்களுக்கும் முந்தியவர்கள், மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் உழைத்தவர்கள். தோட்டம் என்ற சொல்லே அவர்கள் வாயில் வேறு பொருள் கொண்டது. பிள்ளைகள் தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பதற்காகவே அவர்களைப் படிக்க வைத்தார்கள். அதனால் மண், மரம், செடி என்று ஒரு பிள்ளை பேசத் தொடங்கினால், “இதற்கா படித்தாய்?” என்று கேட்கும் பழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது.

அந்தப் பெரியவர்களின் ஆசையில் தவறில்லை. ஆனால் அவர்கள் எதிலிருந்து தப்பிக்க நினைத்தார்கள்? குறைந்த கூலியிலிருந்து, தங்கள் பேச்சுக்கு மதிப்பில்லாத நிலையிலிருந்து. மண்ணைப் பற்றிய அறிவிலிருந்து யாரும் தப்பிக்க நினைக்கவில்லை. மரப்பட்டையில் எவ்வளவு ஆழம் வெட்டினால் பால் வரும், எவ்வளவு ஆழம் போனால் மரம் கெடும் என்பது அவர்களுக்குக் கை அளவில் தெரியும். தாவர உடலியல் என்று இன்று நாம் வகுப்பில் நடத்துவதும் அதுதான்.

இதே எண்ணம் வேறொரு இடத்திலும் தவறு செய்கிறது. பூங்கா திறந்த நாளோடு வேலை முடிவதில்லை. வடிவமைப்புக் குழு விருது வாங்கிச் சென்றபின் அதை உயிரோடு வைத்திருப்பவர்கள், அதிகாலையில் வெயிலுக்குமுன் வேலையைத் தொடங்கும் பராமரிப்பு ஊழியர்கள். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்தவர்கள். நாம் அவர்களைக் குழுவில் சேர்த்து எண்ணுவதே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு இளமரத்தின் அடியில் சுற்றிலும் பட்டால் பட்டை உரிந்துவிடும். பட்டைக்கு உள்ளேதான் புளோயம் இருக்கிறது. இலையில் உருவான சர்க்கரை அதன் வழியேதான் வேருக்கு இறங்க வேண்டும். சுற்றிலும் உரிந்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து, சில மாதங்களில் மரம் சாகும். பல ஆண்டுகள் நிற்க வேண்டிய மரத்தைக் காப்பதும் கொல்வதும், அந்த இயந்திரத்தைப் பிடித்திருப்பவருக்கு இந்த ஒரு செய்தி தெரியுமா என்பதைப் பொறுத்தது. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவசரப்படுத்தாமல் நேரம் கொடுக்க வேண்டும், “இந்த மரம் சரியில்லை” என்று அவர் சொன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தினமும் அந்த மரத்தைப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். அவர் சொல்வதை வாங்கிக்கொள்ள வழி வைக்காத குழுவை நான் அறிவியல் குழு என்று சொல்ல மாட்டேன். கவனித்ததைப் பதிவு செய்வதில்தானே அறிவியல் தொடங்குகிறது?

உங்களால் செய்யக்கூடியவை

உயர்நிலை 2இல் இருப்பவர்கள் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், புவியியலையும் கலையையும் “மதிப்பெண் வராது” என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடாதீர்கள். அறிவியலோடு அவை சேரும்போது திறக்கும் கதவுகளில் இந்தத் துறையும் ஒன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலேயே இதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. மலேசியாவில் புத்ரா பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. எல்லாரும் இதில் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. வெயிலிலும் சேற்றிலும் நிற்க வேண்டிய வேலை, நீங்கள் வரைந்தது மரமாகி நிழல் தர இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய வேலை. அது எல்லாருக்கும் பிடிக்காது. ஆனால் தெரியாமலேயே ஒதுக்குவது வேறு, தெரிந்து வேண்டாம் என்பது வேறு.

அதுவரை ஒரு சிறு சோதனை. பள்ளிக் கூடைப்பந்துத் திடலின் அளவு 28 மீட்டருக்கு 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 420 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழும் நீர் 4,200 லிட்டர். மழை நின்றதும் அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தக் கால்வாயில் விழுகிறது என்று பாருங்கள். பிறகு ஆசிரியரின் அனுமதியோடு, இரு முனையும் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் போத்தலைப் புல்வெளியில் சில சென்டிமீட்டர் அழுத்தி, அரை லிட்டர் நீர் ஊற்றி, அது மண்ணுக்குள் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் நடந்து நடந்து இறுகிய இடத்தில் ஒருமுறை, மரத்தடியில் ஒருமுறை செய்யுங்கள். இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்று நண்பர்களோடு பேசுங்கள்.

உங்கள் பள்ளியில் நீர் தேங்கும் இடம் எது, வெயில் தாங்க முடியாத நடைபாதை எது என்று அந்தக் கணக்கோடு ஒரு பக்கம் எழுதி முதல்வரிடம் கொடுங்கள். எழுதும்முன், பள்ளித் தோட்டத்தைப் பராமரிக்கும் ஊழியரிடமும் கேட்டுவிடுங்கள். எந்த மூலையில் எது வளராது என்பது அவருக்கு உங்களைவிடவும் என்னைவிடவும் நன்றாகத் தெரியும்.